ஏழாவது கட்டம்

அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு மேற்கே, ஒரு காலத்தில் கம்பளி நெசவையே ஜீவனமாகக் கொண்டிருந்த மேனார்டு என்னும் சிற்றூரில், 1892ஆம் ஆண்டு எழுப்பிய மணிக்கூண்டு ஒன்று இருக்கிறது. நான்கு திசைக்கும் முகம் காட்டி நிற்கும் அந்தக் கடிகாரத்துக்கு இன்றுவரை மின்சாரம் இணைக்கப்படவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் நூற்றிருபது படிகளை ஏறிப் போய்க் கையால் சாவி கொடுத்துவிட்டு இறங்குகிறார். அதன் நிழலில், நெசவு நின்றுபோன ஆலையின் ஒரு பகுதியை வாடகைக்குப் பிடித்து, 70,000 டாலர் மூலதனத்துடன் கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் 1957இல் தொடங்கிய டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், வழக்கில் டெக் என்று சுருங்கி, உலகத்துக் கணினிக் கம்பெனிகளில் இரண்டாவது இடம்வரை வளர்ந்து, பின் தேய்ந்து, 1998இல் காம்பாக்குக்கு விலைபோய், 2002இல் அந்தக் காம்பாக்கோடு சேர்ந்து ஹியூலெட் பக்கார்டுக்குள் கரைந்து போயிற்று. கையால் சாவி கொடுக்கும் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவ்வூரிலிருந்து சில மைல் தள்ளி வாழ்கிற என் நண்பர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், வீட்டின் நிலவறையில் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். அவர் செப்பனிடுவது டெர்மினல்களை. அதிலும் விசேஷமாக, டெக் கம்பெனி 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.டி.100 என்ற ஒரே ரகத்தை. பனி கொட்டிய ஒரு வாரம் முழுவதும் அவருடைய பட்டறையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அவர் கை செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. இக்கட்டுரை அந்த ஏழு நாட்களின் பயன்.

டெர்மினல் என்றால் இன்றைய வாசகருக்குச் சற்று விளக்கவேண்டியிருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், ரயில் முன்பதிவு அலுவலகத்தில் நெடுநேரம் வரிசையில் நின்று ஜன்னலை எட்டிய கணத்தில், குமாஸ்தாவின் மூக்குக் கண்ணாடியில் பச்சை எழுத்துக்கள் தலைகீழாக ஓடியதைக் கண்டிருப்பார்கள். அவர் எதிரே இருந்தது அதுதான். அது கணினியன்று. கணினி வேறெங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கும். இது, அடித்த எழுத்தை அங்கே அனுப்பி, அங்கிருந்து வரும் எழுத்தைத் திரையில் காட்டுகிற தூதுவன். இதற்கு முன்னால் அந்தத் தூதைச் செய்தது டெலிடைப் என்னும் தட்டச்சு யந்திரம். விநாடிக்குப் பத்து எழுத்து வீதம், மேசை அதிர, காகிதச் சுருளைத் தின்றுகொண்டே பேசும். 1970இல் டெக் வெளியிட்ட முதல் திரை டெர்மினலான வி.டி.05இல் காகிதம் போயிற்று, சத்தம் போயிற்று. ஆனால் இருபது வரியும், வரிக்கு எழுபத்திரண்டு எழுத்தும், அதுவும் ஆங்கிலத்தின் பெரிய எழுத்து மட்டும்தான்.

தூதுவன் என்றேன், ஆங்கிலத்தில் இவற்றை ஊமை டெர்மினல் என்று விளம்பரத்திலேயே சொல்லி விற்றார்கள். ஆனால் சரித்திரம் இந்த ஊமைக்கு ஒரு விசித்திரமான வம்சத்தைக் கொடுத்திருக்கிறது. டெக்ஸாஸில் சான் அன்டோனியோ நகரத்துக் கம்பெனி ஒன்று 1970இல் டேட்டாபாயிண்ட் 2200 என்ற டெர்மினலை வகுத்தபோது, அதன் உள்ளே இருந்த பல பல சில்லுகளின் வேலையை ஒரே சில்லில் அடக்கித் தரமுடியுமா என்று இன்டெல் கம்பெனியைக் கேட்டது. சில்லு காலத்தில் வந்து சேரவில்லை, கேட்டவர்கள் கைவிட்டார்கள், இன்டெல் அதையே 8008 என்று பெயரிட்டு 1972இல் தானாக விற்றது. அதன் வாரிசு 8080. அதற்குப் பின்வந்த பரம்பரைதான் இன்று நம் மேசைக் கணினிகளில் பெரும்பாலானவற்றின் மூளை. ஒரு டெர்மினலின் தேவையிலிருந்து பிறந்த அந்த வம்சத்தின் 8080, சில ஆண்டுகள் கழித்து வி.டி.100 என்னும் டெர்மினலுக்குள்ளேயே வந்து குடியேறியது. பேரன் பாட்டனார் வீட்டுக்கு வேலைக்கு வந்த கதை இது.

அந்த 8080 என்ன செய்யவேண்டும், எந்தக் குறிக்கு எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்னும் ஆணைகள் அனைத்தும் நான்கு சிறு சில்லுகளில், ஒவ்வொன்றிலும் 2048 பைட்டாக, ஆக 8192 பைட்டில் அடங்கியிருக்கின்றன. இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தத் தமிழ்க் கட்டுரையை இன்றைய கணினியில் சேமித்தால் அதைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாத இடம் பிடிக்கும் என்று கணக்கிட்டு நண்பர் சொன்னபோது, எனக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது. சுருக்கத்தில் அந்த எட்டாயிரம் பைட்டுக்கு ஒரு சூத்திர நடை உண்டு. உதாரணமாக, திரையில் கடைசி வரி நிரம்பியபின் எல்லா வரிகளும் ஒருபடி மேலே நகரவேண்டும் அல்லவா? சாமானியமாக நினைத்தால், ஏறத்தாழ ஈராயிரம் எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைக்கவேண்டும். அதற்கு அந்தச் சிறிய மூளைக்கு அவகாசம் இல்லை. ஆகவே அதை எழுதியவர்கள், ஒவ்வொரு வரியின் முடிவிலும் அடுத்த வரி நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியைப் பொறித்துவிட்டார்கள். வரிகள் இருந்த இடத்தில் இருக்கும். முகவரிகள் மாத்திரம் மாறும். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் நகர்ந்துவிட்டதாகத் தோன்றும். மாயாவாதம் என்று நான் சொன்னேன். நண்பர் சிரிக்கவில்லை, ஈயம் உருகிக்கொண்டிருந்தது.

அந்த நினைவகமோ 3072 பைட்தான். வரிக்கு எண்பது எழுத்தாக இருபத்துநான்கு வரி வைத்தால் 1920, இடம் போதும். வரிக்கு 132 எழுத்து வேண்டுமென்றால் இருபத்துநான்கு வரிக்கு 3168 ஆகிறது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாத கணக்கு. அதனால் கூடுதல் பலகை வாங்கிப் பொருத்தாத வி.டி.100, அகல வரிக்கு மாறியவுடன் பதினான்கு வரியோடு நின்றுவிடும். யந்திரத்தின் ஒவ்வொரு குணத்துக்கும் பின்னால் இப்படி ஒரு வறுமை இருக்கிறது. அந்த வறுமையை மறைக்க ஒரு சாமர்த்தியம் இருக்கிறது.

இனி, இவை அழிகிற விதம். நாற்பத்தைந்து ஆண்டு என்பது மனிதனுக்கு நடுவயது. கன்டென்சருக்கு அது முதுமையைத் தாண்டிய ஒரு நிலை. மின்சாரம் உள்ளே நுழைகிற வாசலில், இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் காகிதக் கன்டென்சர்களின் மஞ்சள் உறை காலப்போக்கில் வெடிப்பு விட்டு, காற்றின் ஈரத்தைக் குடித்துக் காத்திருக்கும். பல்லாண்டு பரணில் கிடந்த யந்திரத்தை ஆசையோடு இறக்கி, தூசி தட்டி, உடனே சுவிட்சைப் போடுகிறவருக்கு முதலில் கிடைப்பது ஒரு வெடிச் சத்தமும் அறை நிறையப் புகையும்தான். அதற்கு அப்பால் பிக்சர் டியூப். பல பழைய டெர்மினல்களில், டியூப் உடைந்து சிதறினால் காப்பதற்காக அதன் முகத்தில் இன்னொரு கண்ணாடியை ஒட்டியிருப்பார்கள். நடுவிலுள்ள பசை கெட்டு, வெண்மையாகப் பூத்து, திரை முழுதும் புள்ளி புள்ளியாகப் படரும். இதற்குச் செப்பனிடுகிறவர்கள் இட்ட பெயரும் கண்புரை என்பதே. சுடுநீரில் மணிக்கணக்கில் ஊறவைத்தோ, சூடேற்றிய மெல்லிய கம்பியை இடையே செலுத்தி அறுத்தோ அந்தக் கண்ணாடியைப் பிரித்து, பசையைச் சுரண்டி, மறுபடி பொருத்துகிறார்கள். டியூபில் கை வைக்குமுன், அதன் பக்கவாட்டிலுள்ள ரப்பர் மூடிக்கடியில் தங்கியிருக்கக்கூடிய பல ஆயிரம் வோல்ட்டைப் பூமிக்கு இறக்கியாகவேண்டும். நம் ஊர் டி.வி. மெக்கானிக்குகள் ஈ.ஹெச்.டி. என்று சொல்லிச் சற்று விலகி நிற்பார்களே, அதே தேவதைதான். தன் பிரசன்னத்தை ஒரே ஒரு நீலப் பொறியால் அறிவித்துவிட்டு அடங்குகிறாள்.

இவையெல்லாம் சரீரத்தின் நோய்கள். கன்டென்சருக்கு மாற்று கிடைக்கும். டியூபுக்குக்கூட, இன்னொரு செத்த யந்திரத்திலிருந்து தானம் கிடைக்கும். ஆனால் அந்த எட்டாயிரம் பைட் அழிந்தால், அதே பைட்டுகள் வேறெங்கோ பிரதியாக இருந்தாலொழிய, அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வி.டி.100இன் சில்லுகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே அச்சுக் கோத்ததுபோல் பொறிக்கப்பட்டவை. அவை எளிதில் மறப்பதில்லை, கால்கள் துருப்பிடித்து ஒருநாள் ஊமையாகும், அவ்வளவே. குறைந்த எண்ணிக்கையில் செய்து விற்ற மற்றக் கம்பெனிகள் அச்சுக் கூலிக்கு அஞ்சி ஈப்ராம் என்ற சில்லைப் பயன்படுத்தின. 1971இல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த இந்தச் சில்லில், ஒவ்வொரு பிட்டும், கண்ணாடி போன்ற காப்புக்குள் சிறை வைத்த ஒரு சிறு மின்னூட்டம். நடுவில் வட்டமாக ஒரு படிகச் சாளரம் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் இருபது நிமிஷத்தில் எல்லாம் அழிந்து வெற்றேடாகும். அதனால்தான் அந்தச் சாளரத்தின் மேல் ஒரு காகித ஒட்டு. அந்த ஒட்டு உதிர்ந்து, ஜன்னலோரத்தில் கிடந்து, வெயில் ஆண்டுக்கணக்கில் தின்ற சில்லுகளும் உண்டு. ஒட்டு இருந்தும், காப்பைக் கசிந்து மின்னூட்டம் தானாகவே வெளியேறி, பூஜ்யம் என்று இருந்த இடம் எதுவென்று நிச்சயமில்லாமல் தடுமாறுகிறவையும் உண்டு. அப்படிப்பட்ட சில்லை ஒருமுறை படித்தால் ஒன்று சொல்லும், மறுமுறை வேறு சொல்லும்; முதுமையில் நினைவு தப்புகிறவர்களின் பேச்சைப் போல.

எனவே நண்பருடைய முதல் விதி: 'முதல்ல படிக்கணும், அப்புறம்தான் வைத்தியம்.' யந்திரம் வந்தவுடன் சுவிட்சைத் தொடமாட்டார். சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கால்களைச் சுத்தம் செய்து, படிப்பான் கருவியில் வைத்து, மூன்று முறையாவது படிப்பார். மூன்றும் ஒத்தால் ஏற்பார். ஒவ்வாவிட்டால் மின்னழுத்தத்தைச் சற்று ஏற்றியும் இறக்கியும் மறுபடி படித்து, தடுமாறும் பிட்டுகள் எவை என்று குறித்துக்கொள்வார். பிறகு, வேறொருவரிடமுள்ள அதே யந்திரத்தின் பிரதியை வரவழைத்து ஒப்பிடுவார். இந்த நிதானம் இல்லாமல், விளக்கு எரிகிறதா பார்க்கலாம் என்று முதலிலேயே மின்சாரம் கொடுத்து, பழுதான பவர் சப்ளையிலிருந்து தாறுமாறான அழுத்தம் பாய்ந்து, உலகில் அபூர்வமாய் எஞ்சிய ஒரு பிரதியைச் சுட்டுவிடுகிறவர்களைக் குறித்து அவர் அபிப்பிராயத்தை இங்கே அச்சிட முடியாது. நானும் அவர் கட்சிதான்.

இந்த இடத்தில் ஒரு தமிழனுக்கு ஏட்டுச்சுவடி ஞாபகம் வராமல் இராது. வந்தது, வந்ததும், ஒப்புமை எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்தேன். வெண்பா ஒன்றில் பூச்சி ஒரு சீரை அரித்திருந்தால், தளை தட்டும், எதுகை குறையும், தேர்ந்த செவி, பிழை இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்றும், சமயத்தில் அங்கே எந்தச் சொல் இருந்திருக்கவேண்டும் என்றும் சொல்லிவிடும். வி.டி.100க்கும் ஒருவகை யாப்பு உண்டு. மின்சாரம் வந்தவுடன் அது தன் நான்கு சில்லுகளையும் தானே படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை போட்டு, பிசகினால் விசைப்பலகையிலுள்ள எல்1 முதல் எல்4 வரையிலான சிறு விளக்குகளால் எந்தச் சில்லு என்று காட்டிவிட்டு நின்றுவிடும். ஆனால் அதற்கு மேல் அந்த யாப்புக்குச் சக்தியில்லை. பிழை இருப்பதைச் சொல்லும். 2048 பைட்டில் எது என்று சொல்லாது. ஆகவே இந்த ஏட்டுக்கு, தனித்து நின்று பாடம் ஓதும் புலவரால் பயனில்லை. இன்னொரு பிரதிதான் ஒரே கதி.

பிரதிகளோ குறைந்துகொண்டு வருகின்றன. ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு ஏடுகளை விட்டவர்களை நாம் நூறாண்டுகளாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்காவது அது ஒரு சடங்கு. பழைய சில்லுகளின் கால்களிலும் மூடியிலும் மெல்லியதாகப் பூசியுள்ள தங்கத்துக்காக அவற்றை எடைக்கு வாங்கி அமிலத்தில் கரைக்கிறவர்கள் இருக்கிறார்கள். விசைப்பலகையை மாத்திரம் பிடுங்கிக்கொண்டு உடலை எறிந்துவிடுகிற ரசிகர்களும் இருக்கிறார்கள். அந்த விசைகளை அழுத்தும்போது விரலுக்குக் கிடைக்கும் சுகத்துக்கு இன்று நல்ல விலை. பின்னவர்களிடம்தான் எனக்கு அதிகக் கோபம். முன்னவர் தமக்குத் தெரியாததை அழிக்கிறார். இவர்கள் தெரிந்தே அழிக்கிறார்கள்.

நிறுவனங்களை நம்பலாமென்றால் அதிலும் ஓர் அனுபவம் கிடைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்டைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பால் ஆலன், சியாட்டில் நகரில் பழைய கணினிகளை ஓடும் நிலையிலேயே வைத்து, வருகிறவர்கள் உட்கார்ந்து தட்டிப் பார்க்கும்படி ஓர் அருங்காட்சியகம் அமைத்து, 2012இல் பொதுமக்களுக்குத் திறந்தார். 2018இல் அவர் காலமானார். 2020இல் தொற்றுக் காலத்தில் மூடிய கதவு அப்புறம் திறக்கவேயில்லை. 2024இல் அவருடைய சேகரிப்பின் அரிய பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. அதே காலத்தில், கலிபோர்னியாவில் அல் கோஸோ என்பவர், பழைய கணினிகளின் கையேடுகளையும் மின்சுற்று வரைபடங்களையும் சில்லுகளின் உள்ளடக்கத்தையும் சலிக்காமல் பிரதியெடுத்து, பிட்சேவர்ஸ் என்ற பெயரில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கும் சேகரம், உலகின் பல மூலைகளில் நகலாகிக் கிடக்கிறது. பெருஞ்செல்வர் ஒருவரின் மாளிகை கலைந்தது. ஒருவர் கைப்பட எடுத்த நகல்கள் பரவின. நண்பர் தாம் படிக்கும் ஒவ்வொரு சில்லையும் அப்படிப்பட்ட சேகரங்களுக்கே அனுப்பிவிடுகிறார்.

அப்படியானால் பிரதி கிடைத்தபின் யந்திரம் எதற்கு? மேம் என்ற போலச்செய்யும் நிரல், அந்த எட்டாயிரம் பைட்டையும் எந்த மாற்றமுமின்றி ஏற்று, இன்றைய கணினிக்குள் ஒரு வி.டி.100ஐ எழுப்பிக் காட்டுகிறதே என்று கேட்டேன். அதுமட்டுமா, எஸ்கேப் என்னும் குறி, அதைத் தொடர்ந்து ஒரு சதுர அடைப்பு என்று தொடங்கும் வி.டி.100இன் கட்டளைகள் அமெரிக்கத் தரநிர்ணயத்தைப் பின்பற்றியவை; இன்று எந்தக் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்தாலும் அது அதே பாஷையைத்தான் பேசுகிறது. வேறொரு கம்பெனி 1976இல் விற்ற ஏ.டி.எம்.-3ஏ என்ற டெர்மினலில் அம்புக் குறிகளுக்கென்று தனி விசை இல்லாமல், எச், ஜே, கே, எல் என்ற நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதன்முன் உட்கார்ந்து பில் ஜாய் எழுதிய வி.ஐ. என்னும் எடிட்டர் அந்நான்கையே பயன்படுத்தியதால், அந்த யந்திரத்தைப் படத்தில்கூடப் பாராத இளைஞர்களின் விரல்கள் இன்றும் அதே நான்கு விசைகளைத் தேடிப் போகின்றன. யந்திரம் போனாலும் பழக்கம் போவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நண்பர் பதில் சொல்லாமல், செப்பனிட்டு முடித்த ஒரு யந்திரத்தை இயக்கி, திரை முழுவதும் ஆங்கில 'ஈ' எழுத்தை நிரப்பினார். எஸ்கேப், எண் குறி, எட்டு என்று அனுப்பினால் வி.டி.100 அப்படிச் செய்யும். திரையின் மூலைகள் வளைகின்றனவா, எழுத்து எங்கேனும் மங்குகிறதா என்று பார்ப்பதற்காக வகுத்த ஏற்பாடு. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, வரிகளை மெதுவாக நகரவிட்டார். சாதாரணத் திரையில் வரி துள்ளி ஏறும்; இங்கே பத்துக் கீற்றுகளாலான ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கீற்றாக, விநாடிக்கு ஆறு வரி வீதம், தெப்பம் நகர்வதுபோல் மேலே சென்றது; விட்டுப்போன இடத்தில் பாஸ்பரின் வெளிச்சம் ஒரு கணம் தயங்கி மறைந்தது. இதைப் போலச்செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். டியூபை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தட்டைத் திரையைப் பொருத்தி, பழைய கூட்டுக்குள் புதிய கணினியை வைத்து மேசையில் அழகு பார்க்கிறவர்களும் உண்டு. பஞ்சவர்ணக் கிளியின் தோலுக்குள் வைக்கோல் திணித்தாற்போல் இருக்கிறது அது எனக்கு.

ஏழாம் நாள் மாலை, வாரம் முழுவதும் அவர் வேலை செய்துகொண்டிருந்த யந்திரத்துக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுத்தார். அதன் பூர்வோத்தரம் அவருக்குத் தெரியாது. பழைய சாமான் வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கியது. டியூபின் கழுத்தில் ஆரஞ்சு நிறம் ஏறிற்று. ஒரு சிறு மணியொலி. சற்று நேரத்தில் இடது மூலையில் கட்டமாக ஒரு வெளிச்சம் தோன்றிச் சிமிட்டத் தொடங்கியது. பிழைக்குறி ஒன்றும் வரவில்லை. அவர் செட்-அப் என்ற விசையை அழுத்தினார்.

ஃபர்ம்வேர் சில்லுகள் நான்கைத் தவிர, வி.டி.100க்குள் 1400 பிட் மாத்திரம் கொள்ளும் இன்னொரு சிறு சில்லு உண்டு. மின்சாரம் நின்றாலும் மறவாதது, ஆனால் எழுதியதை அழித்து மறுபடி எழுதலாம். திரையின் வெளிச்சம், வேகம், டேப் விசையை அழுத்தினால் எந்தெந்தக் கட்டத்தில் போய் நிற்கவேண்டும் என்பது முதலாக உபயோகிப்பவரின் விருப்பங்கள் அதில் இருக்கும். தொழிற்சாலைப் பாடமல்ல அது. ஆகையால் எந்தச் சேகரத்திலும் அதைத் தேடி வைப்பாரில்லை. செட்-அப் திரையின் அடியில் ஒன்று முதல் எண்பது வரை ஓர் அளவுகோல் தெரியும். டேப் நிற்கும் இடங்களில் அதன்மேல் 'டி' எழுத்து இருக்கும். வழக்கப்படி எட்டுக்கு ஒன்றாக அவை இருக்குமென்று நான் எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. முதல் 'டி' ஏழாவது கட்டத்தில் இருந்தது. பிறகு 10, 13, 16, அப்புறம் நெடுந்தூரம் ஒன்றுமில்லை, 73இல் ஒன்று.

'ஃபோர்ட்ரான் எழுதினவர்,' என்றார் நண்பர். அந்த மொழியில் முதல் ஆறு கட்டங்கள் எண்ணுக்கும் குறிகளுக்கும் உரியவை. வாக்கியம் ஏழாவது கட்டத்தில்தான் தொடங்கவேண்டும். 72க்கு அப்பால் எழுதுவதை யந்திரம் படிக்காது. உள்ளடங்கிய வரிகளை மூன்று மூன்று கட்டமாகத் தள்ளி எழுதும் வழக்கமுடைய யாரோ ஒருவர், ஆணோ பெண்ணோ, எந்த ஆய்வுக்கூடத்திலோ கல்லூரியிலோ, ஒருநாள் இந்த விசைப்பலகையின்முன் உட்கார்ந்து, தம் கைக்கு ஏற்றபடி ஐந்து இடங்களைக் குறித்து, சேமித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

யந்திரத்தைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பி வைப்பது சோதனையின் கடைசிப் படி என்று நண்பரே முதல் நாளில் சொல்லியிருந்தார். அவருடைய விரல் சேமிக்கும் விசையின் பக்கம் போயிற்று. அங்கேயே சற்று நின்றது. பிறகு மேசையோரத்திலிருந்த நோட்டுப் புத்தகத்தை இழுத்து, அந்த யந்திரத்தின் எண்ணுக்கு நேரே 7, 10, 13, 16, 73 என்று பென்சிலால் எழுதிக்கொண்டு, எதையும் மாற்றாமல் செட்-அப் விசையை மறுபடி அழுத்தி வெளியே வந்தார்.